எழுபத்திரண்டில் நின்றது

நகரத்துக்கு வெளியே, விட்பியில் என் மகள் குடியிருக்கும் தெருவில் நாற்பத்தாறு வீடுகள். கட்டியவர்களிடம் மூன்று வரைபடங்கள்தான் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் உள்ளபடி ஒருமுறையும், இடமும் வலமும் மாற்றி ஒருமுறையும் கட்டியதில் ஆறு விதமாகிவிட்டது. மகளின் வீடு எந்த விதமோ அதே விதத்தில் அந்தத் தெருவில் இன்னும் ஏழு வீடுகள் உண்டு. தெருவுக்கு ஒரு வாய்தான். மறுமுனை வட்டமாக வளைந்து வந்த வழிக்கே திரும்பிவிடும். வாசலிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பது காலடி. அங்கிருந்து என்னுடைய சொந்த இருப்பிடத்துக்குப் போக ஒரு பஸ், ஒரு ரெயின், இரண்டு சுரங்க ரெயின் என்று நான்கு வாகனம் மாற வேண்டும். ஒன்பது மாதத்தில் நான் அப்படி ஒருமுறையும் போகவில்லை. போகவிடவில்லை என்று எழுதினால் மகளுக்கு மனம் நோகும். ஆனால் அதுதான் சரியான சொல்.

என்னுடைய இருப்பிடம் நகரத்தின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாவது மாடியில், ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும். முதலில் மனைவி மகளோடும், மகள் கல்யாணமாகிப் போனபின் மனைவியோடும், அவளுக்குப் பின் தனியாகவும் அங்கே இருந்தேன். பெப்ரவரியில் கட்டடத்து வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மகள் காரோடு வந்தாள். இரண்டு கிழமைக்குத்தான் அப்பா, என்றாள். பதினாலு நாளைக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொண்டேன்: ஐந்து சேட், மூன்று காற்சட்டை, மருந்துகள், மூக்குக்கண்ணாடி இரண்டு, ஒரு பழைய ஆராய்ச்சிக் கொப்பி, ஒரு கணிதப் புத்தகம். வேறு நகரத்தில் படிக்கும் பேத்தியின் அறையை எனக்குத் தந்தார்கள். ஊதா நிறச் சுவர். கூரையில் இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்கள் ஒட்டியிருந்தன, அறுபத்தொன்று.

மகள் மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். குளிகைகளைத் தட்டில் கொட்டி ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணுவது அவள் தொழில். காலை ஏழரைக்குப் போனால் ஆறேகாலுக்கு வருவாள். மருமகன் கணினி வேலை. வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்குப் போவார், மற்ற நாட்களில் நிலக்கீழ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். இருவரும் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. பகல் முழுவதும் நான் ஊதாச் சுவருக்கு முன்னால் இருந்து கணக்குச் செய்தேன்.

என்ன கணக்கு என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. ஒக்டோனியன் என்பது எட்டு உறுப்புகள் கொண்ட ஒருவகை எண். சாதாரண எண்களைப்போல இவற்றையும் கூட்டலாம், பெருக்கலாம். ஆனால் நமக்குப் பழகிப்போன இரண்டு வசதிகள் அங்கே இல்லை. ஐந்தை ஏழால் பெருக்கினாலும் ஏழை ஐந்தால் பெருக்கினாலும் ஒன்றுதான் என்பது நமக்குத் தெரியும். அங்கே அப்படியில்லை, முன்பின் மாறினால் விடையும் மாறும். மூன்றைப் பெருக்கும்போது அடைப்புக்குறியை எந்த இரண்டைச் சுற்றிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறும். உறுப்புகள் சாதாரண எண்களாக இருந்தால் ஒக்டோனியன்களுக்கு முடிவில்லை. ஆனால் பூச்சியமும் ஒன்றும் மட்டுமே உள்ள ஒரு சின்ன உலகத்தில், ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், எட்டு இடங்களில் பூச்சியமோ ஒன்றோதான் வரும். மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். ஒரு கொப்பிக்குள் அடங்கிவிடும்.

அந்த இருநூற்று ஐம்பத்தாறையும் இடம்மாற்றி அடுக்கியபின்னும், ஒரு கூட்டலும் ஒரு பெருக்கலும் பிசகாமல் இருக்கும் வழிகள் எத்தனை? அவற்றுக்குத்தான் சமச்சீர்கள் என்று பெயர். பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று புத்தகம் சொல்கிறது. இளமையில் பல்கலைக்கழகத்தில் இதைப்போன்ற ஒன்றைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தேன். நாடு கலங்கியதில் அது பாதியில் நின்றது. இந்த நாட்டுக்கு வந்து, தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடம் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டிக்கு நூற்று நாற்பத்து நாலாக எண்ணி அடைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு, பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூற்றாறையும் புத்தகம் சொன்னதற்காக நம்பாமல், என் கையாலேயே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒருவருக்கும் பிரயோசனமில்லாத ஆசை என்பது எனக்குத் தெரியும்.

விட்பியில் ஜூலை மாதம் அந்தக் கணக்கு முட்டுப்பட்டது. ஒவ்வொரு ஒக்டோனியனுக்கும் ஓர் அளவு உண்டு. இந்தச் சின்ன உலகத்தில் அது பூச்சியமாகவோ ஒன்றாகவோ இருக்கும். அளவு ஒன்றாக இருப்பவை நூற்றிருபது இருக்க வேண்டும். நான் எண்ணினால் நூற்றிருபத்தெட்டு வந்தது. எட்டுக் கூட. மறுபடி எண்ணினேன். எட்டுக் கூட. பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினேன், கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னாலிருந்து எண்ணினேன், ஒரு நாள் பருப்பை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினேன். மகள் வேலையால் வந்து பருப்பைப் பார்த்தாள். கூட்டி அள்ளிப் போத்தலில் போட்டாள்.

ஆராய்ச்சிக் கொப்பியில் பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது. ஏழு கோடுகள், ஏழு புள்ளிகள், ஒவ்வொரு பெருக்கத்துக்கும் முன்னால் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ. அதைப் புதிய கொப்பியில் பிரதிசெய்தபோது குறிகளை விட்டுவிட்டேன். ஒன்றும் ஒன்றும் பூச்சியமாகும் இடத்தில் கூட்டலும் கழித்தலும் ஒன்றுதான். பிறகு குறி எதற்கு? மை மிச்சம். அதன்பின் இருநூற்று ஐம்பத்தாறு எண்களையும் தன்னைத் தன்னால் பெருக்கி ஒரு நிரலாக எழுதினேன். பாதிக்குப் பூச்சியம் வந்தது, பாதிக்கு ஒன்று வந்தது; அதையே அளவாக எடுத்துக்கொண்டேன். நூற்றிருபத்தெட்டும் நூற்றிருபத்தெட்டும். எவ்வளவு துப்புரவு என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் அந்த எட்டுப் போகவில்லை. எழுபத்தாறு வயதில், எட்டைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதனுக்கு ஒரு பயம் வரும். கணக்குப் பிழையோ, அல்லது நான்தான் பிழையோ?

அந்தப் பயத்தோடு ஓகஸ்ட் கடைசியில் ஒரு பின்னேரம் நடக்கப் போனேன். வட்டம்வரை போய்த் திரும்பி வரும் வழியில், திறந்திருந்த கராஜ் ஊடாக வீட்டுக்குள் போய், சப்பாத்தைக் கழற்றி வைத்து, குசினியில் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். கிளாஸ் இருக்கும் இடத்தில் கிளாஸ் இருந்தது. பிறகுதான் ஃபிரிட்ஜின் நிறம் வேறு என்று கண்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் மாடிப்படியில் கையில் துவாயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அது அதே விதமான ஏழு வீடுகளில் ஒன்று. நல்ல பெண், என் சப்பாத்தைத் தானே எடுத்துத் தந்து, கையைப் பிடித்து மகளின் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஒரேமாதிரி எட்டு வீட்டைக் கட்டிவிட்டு, அதில் ஒருவன் இடம் மாறிப் போனால் அது அவனுடைய மூளைப்பிழையா என்று அன்றைக்கு மகளிடம் வாதாடினேன். வாதம் சரிதான். ஆனால் சொன்னதையே மூன்று தரம் சொன்னேன். அதை அவள் கவனித்தாள்.

அதன்பின் இரண்டு விடயம் மேசைக்கு வந்தன. ஒன்று, குடும்ப வைத்தியர் அனுப்பும் கிளினிக்கில் ஒரு ஞாபகப் பரிசோதனை. மற்றது, சென் ஜேம்ஸ் ரவுண் இருப்பிடத்தை விடுவதற்கான அறிவித்தல் பத்திரம். நான் கையெழுத்து வைத்தால் அந்த இடம் போய்விடும்; பிறகு ஊதாச் சுவர்தான், கடைசிவரை. மகள் பத்திரத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். வைத்தியர் என்ன சொல்கிறார் என்று பார்த்து முடிவெடுப்போம் என்று அவள் மெல்லச் சொன்னபோது, எனக்கு அந்த மெதுமை பிடிக்கவில்லை. அபிப்பிராயம் வேண்டாம், இலக்கம் வேண்டும் என்றேன். பரிசோதனை முப்பது புள்ளிக்கு; இருபத்தாறும் அதற்கு மேலும் எடுத்தால் பிழையில்லை என்று அவளே படித்துச் சொல்லியிருந்தாள். அப்படியானால் இருபத்தாறு எடுத்தால் நான் வீட்டுக்குப் போகிறேன், எடுக்காவிட்டால் கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லி, அதை ஒரு துண்டில் எழுதி, பத்திரத்துக்குப் பக்கத்தில் நானே ஒட்டினேன். எல்லை வைத்தவன் நான்தான். இதை மறைத்து எழுதுவது நேர்மையில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் என் கதவுக்கு எதிர்க் கதவில் ஒரு நண்பர் இருக்கிறார். புத்தளத்து முஸ்லிம், இங்கே முப்பது வருடம் மின்சார வேலை செய்தவர். என் கதவின் இரண்டாவது திறப்பு அவரிடம். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுத்து நிலவரம் சொல்வார்: மூன்று லிஃப்றில் எத்தனை ஓடுகிறது, எந்த மாடியில் குழாய் வெடித்தது, யார் வீட்டில் மௌத்து, யார் வீட்டில் கல்யாணம். பரிசோதனைக்கு முந்திய ஞாயிறும் எடுத்தார்.

"என்ன மாஸ்டர், ஜெயில் சாப்பாடு எப்பிடி?" என்றார். "ஒங்களுக்கு நாப்பத்தியொரு கடதாசி வந்து கெடக்கு. எண்ணித்தான் வச்சிருக்கன். ஒண்ணு குறைஞ்சா என்னைய சும்மா விடவா போறீங்க?"

நான் பரிசோதனை பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். கணக்கு மாஸ்டருக்கே கணக்குச் சோதனையா, கேள்வி பிழையென்று அவர்களிடமே புள்ளியைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். ரெலிபோனை வைத்தபின் நெடுநேரம் அவர் குரலுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் மாடித் தாழ்வாரத்தில் லிஃப்ற் கதவு மூடும் சத்தம்.

பரிசோதனை ஒக்டோபர் இரண்டாம் திகதி. நான் விட்பிக்கு வந்து அன்றோடு இருநூற்று இருபத்து நாலு நாள். மகள் அரை நாள் லீவு எடுத்தாள். கிளினிக்கில் பரிசோதித்தவள் யாழ்ப்பாணத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். தமிழிலேயே செய்யலாம் அங்கிள் என்றாள். மகளை வெளியே இருக்கச் சொன்னாள். சின்ன அறை, யன்னல் இல்லை, சுவரில் ஒரு மணிக்கூடு, அதுவும் நாலு நிமிடம் பிந்தி ஓடியது.

முதலில் கோடு இழுக்கச் சொன்னாள், ஒரு பெட்டியைப் பார்த்து வரையச் சொன்னாள், மணிக்கூடு கீறச் சொன்னாள். மூன்று மிருகங்களின் பெயர் கேட்டாள். பிறகு ஐந்து சொற்களை வாசித்தாள்: கதிரை, மாம்பழம், கோயில், பச்சை, குடை. இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்து, இதைப் பிறகு கேட்பேன், ஞாபகம் வைத்திருங்கோ என்றாள். எனக்குள் ஒரு துள்ளல். ஐந்து சொல், பச்சைக் குடையோடு கோயிலில் கதிரையில் இருந்து மாம்பழம் தின்கிற ஒருவன். அதற்குப் பிறகு மறக்க வழியேயில்லை.

"அங்கிள், நூறிலயிருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கொண்டு வாங்கோ," என்றாள். "நான் போதும் எண்டு சொல்லுமட்டும்."

"தொண்ணூற்று மூன்று," என்றேன். "எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு."

அங்கே நின்றுவிட்டேன்.

எழுபத்திரண்டு. புத்தகத்தில் அந்த இலக்கம் இருந்தது. தன்னைத் தன்னால் பெருக்கினாலும் மாறாமல் தானாகவே இருக்கும் ஒக்டோனியன்கள், பூச்சியத்தையும் ஒன்றையும் தவிர்த்து, எழுபத்திரண்டு. அந்த வரியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனால் என் கொப்பியில், என் துப்புரவான நிரலில், தன்னைத் தன்னால் பெருக்கிய விடையெல்லாம் பூச்சியம் அல்லது ஒன்று. மாறாமல் இருப்பது ஒன்றுகூட இல்லை. எழுபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. எட்டுக் கூட இருந்ததைத் தேடித் தேடி, எழுபத்திரண்டு இல்லாமல் போனதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

யன்னல் இல்லாத அந்த அறையில் எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்தது. குறிகளை விட்டேனே, அங்கேதான் பிழை. பழைய வாய்ப்பாட்டில் முன்பின் மாறினால் குறி மாறும். அந்த ஒரு குறிதான் ஒக்டோனியனை ஒக்டோனியனாக வைத்திருந்தது. கூட்டலும் கழித்தலும் ஒன்றாகிப்போன உலகத்துக்கு அந்த வாய்ப்பாட்டைக் கொண்டுவந்தால் முன்பின் என்ற வேறுபாடே செத்துப்போகும். அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் ஒரே விடைதான் வரும். நான் ஒக்டோனியன்களை எண்ணவேயில்லை. அவற்றின் உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்த வேறு எதையோ ஏழு மாதமாக எண்ணியிருக்கிறேன். அடைப்புக்குறியை இடம்மாற்றி ஒரேயொரு முறை பெருக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவை ஒக்டோனியன்கள்தான் என்பதில் சந்தேகமே வராததால் பார்க்கவில்லை. வேற்று வீட்டுக் கராஜுக்குள் நுழைந்ததும் அப்படித்தானே.

மூளை பிழையில்லை. கணக்குத்தான் பிழை. எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்து, தண்ணி வேணுமோ அங்கிள் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விகளுக்குப் போனாள். வசனங்களைத் திருப்பிச் சொன்னேன். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்கு அடுக்கினேன். வாய் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே நான் இரண்டு தனி எண்களையும் இரண்டு மூவடுக்குகளையும் வைத்துச் சரியான வாய்ப்பாட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அதற்கு வேறொரு எழுத்துமுறை இருக்கிறது, குறியில்லாத உலகத்துக்கும் பொருந்துவது.

"இப்ப அந்த அஞ்சு சொல்லையும் சொல்லுங்கோ," என்றாள்.

எந்த ஐந்து என்று கேட்டேன்.

அவள் பொறுத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. அங்கே ஐந்து சொற்கள் இருந்தன என்பதே கேள்விப்பட்ட செய்திபோல இருந்தது.

முப்பதுக்கு இருபத்தைந்து. மற்ற எல்லாம் சரி. எழுபத்திரண்டோடு நின்றதற்கும் அவள் முழுப் புள்ளி தந்திருந்தாள், நாலு விடை போதுமாம். அந்த ஐந்து சொற்களில்தான் ஐந்தும் போனது. எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கடைசியாகக் கேட்டாள். பதினேழு என்றேன். பன்னிரண்டு வருடமும் அதற்குக் குறைவாகவும் படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுப்பார்களாம். எனக்கு இல்லை. இதைக் கேட்டால் என் நண்பர் எப்படிச் சிரிப்பார் என்பது உடனே ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஐந்து சொற்கள் வரவில்லை.

அவை காரில் வந்தன. நெடுஞ்சாலையில் ஏறி இரண்டாவது பாலத்தைத் தாண்டும்போது, ஐந்தும் ஒன்றாக. கதிரை, மாம்பழம், கோயில், பச்சை, குடை. உரக்கச் சொன்னேன். மகள் ஓம் அப்பா என்றாள். எழுபத்திரண்டு பற்றியும் சொன்னேன். எங்கே நின்றேன், ஏன் நின்றேன், குறிகள், அடைப்புக்குறி எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டு ஓட்டினாள். அவளுக்கு விளங்கியிருக்கும், கெட்டிக்காரி. பிறகு, வாழ்க்கையில் ஒருவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"ஒரு மார்க்தானே, பிள்ளை."

அவள் கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, வலப்பக்கத் தடத்துக்கு மாறினாள்.

"எழுபத்து நாலு," என்றாள். "ஞாபகமிருக்கோ அப்பா?"

ஞாபகமிருந்தது. அவளுக்குப் பதினொரு வயது. சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் அங்கிருந்த பிள்ளைகளுக்கு நான் கணக்கு வகுப்பு வைத்தேன். சோதனையில் எழுபத்தைந்து எடுத்தவர்கள் மேல் வகுப்புக்குப் போகலாம். அவள் எழுபத்து நாலு. ஒரு கணக்கில் விடை சரி, ஆனால் இடையில் அடைப்புக்குறி போடவில்லை. அரைப் புள்ளியல்ல, ஒரு முழுப் புள்ளி வெட்டினேன். அவளுடைய தோழிகள் நாலு பேரும் மேல் வகுப்புக்குப் போனார்கள். அவள் லிஃப்றில் பதினேழு மாடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தகப்பன் என்பதால் கூட்டிப் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பதில் என்று அன்று கேட்டேன். இன்றும் அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

"ஓம்," என்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் நானே ஃபிரிட்ஜிலிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். வாசிக்க எழுத்து சின்னது, மூக்குக்கண்ணாடி மேலே இருந்தது, மகள்தான் நிரப்பினாள். இலக்கம், மாடி, முகவரி. விட்டுப்போகும் திகதி என்ற இடத்தில் நவம்பர் முப்பது என்று எழுதினாள். இன்றைய திகதி, ஒக்டோபர் இரண்டு. பேனாவை என்னிடம் தந்தாள்.

நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஒக்டோபரில் இருபத்தொன்பது, நவம்பரில் முப்பது. ஐம்பத்தொன்பது நாள். அறிவித்தலுக்கும் விடுவதற்கும் இடையில் அறுபது நாள் இருக்க வேண்டும், அதுவும் மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும் என்று அந்தப் பத்திரத்திலேயே அச்சடித்திருந்தது. அதைக் கிழமைக்கணக்காக ஃபிரிட்ஜ் கதவில் பார்த்துப் பார்த்து எனக்குப் பாடம். நேற்றுக் கையெழுத்து வைத்திருந்தால் சரி. இன்று ஒன்று குறைவு. இந்தப் பத்திரம் செல்லாது.

முப்பத்தொரு வருடம், அங்கும் இங்குமாக, கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பஸ்ஸில் முன்னால் இருப்பவர் விரல்விட்டு எண்ணும்போது பிழை விட்டால்கூடத் தோளில் தட்டித் திருத்தியிருக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் கையெழுத்து வைத்தேன்.

அன்று மாலையே அவள் அதைத் தபாலில் போடாமல் கட்டட அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஐந்து நாளும் நான் சாப்பாட்டு மேசையில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் ஆறேகாலுக்கு வேலையால் வந்தவள், வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, அலுவலகத்தில் இருந்து எடுத்தார்கள் என்றாள். பத்திரத்தில் நாள் காணாதாம். டிசம்பர் முப்பத்தொன்றுக்கு முதல் விட முடியாதாம்.

"எத்தனை நாள் குறைவாம்?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன்.

"ஒண்டு." கோட்டைக் கழற்றிக் கொழுவினாள். "நீங்கள் எண்ணிப் பாக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். அது பொய். "நீ?"

அவள் கோட்டின் கையை நேராக்கினாள். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"நான் எண்ணினனான், அப்பா," என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அங்கே ஒன்பது சோடி சப்பாத்து இருந்தது. எண்ணி முடித்து, மறுபடியும் எண்ணினேன்.

இரவுச் சாப்பாட்டில் விடயத்தை முடித்துவிட்டாள். டிசம்பர் ஒரு மாதம் அப்பா அங்கே போய் இருக்கட்டும், எப்படியும் சாமான் கட்டத்தானே வேணும் என்று மருமகனிடம் சொன்னாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும், பனிக்கட்டி இருந்தால் கட்டடத்தை விட்டு இறங்கக்கூடாது, எதிர் வீட்டு அங்கிள் காலையில் ஒருமுறை கதவைத் தட்டுவார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். முப்பத்தொரு நாள்.

இதை அங்கேயிருந்துதான் எழுதுகிறேன். பத்தொன்பது பெட்டி கட்டியாகிவிட்டது. கட்டில், மேசை, ஒரு கதிரை, கேத்தில் மட்டும் கட்டவில்லை. டிசம்பர் தொடங்கி இன்றுவரை வாசலில் பனிக்கட்டி. நான் கீழே இறங்கவில்லை. மூன்று லிஃப்றில் ஒன்று ஓடுகிறது. நண்பர் காலையில் கதவைத் தட்டி, "மாஸ்டர், உசிரோடதான் இருக்கீங்களா, இல்ல கணக்குல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

சரியான வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டையும் முதல் நாளே கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் முப்பத்தாறு, மறுபக்கம் முப்பத்தாறு. அரைத் தாளில் முடிந்துபோயிற்று. அளவு ஒன்றாக இருப்பவை எண்பத்து நாலும் முப்பத்தாறும், நூற்றிருபது. கூட இருந்த எட்டு எங்கேயும் இல்லை. அது ஒருகாலமும் இருந்ததில்லை. அந்த எழுபத்திரண்டில் ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டால், அதை அசைக்காத சமச்சீர்கள் நூற்று அறுபத்தெட்டு வரவேண்டும். எழுபத்திரண்டை நூற்று அறுபத்தெட்டால் பெருக்கினால் பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூற்றாறு. ஆகவே அந்த நூற்று அறுபத்தெட்டை மட்டும், மூன்றுக்கு மூன்று சதுரங்களாக, ஒவ்வொன்றாக எழுதி முடித்தால் என் வேலை முடிந்தது. நூற்று முப்பத்தொன்று எழுதிவிட்டேன். மிச்சம் முப்பத்தேழு. டிசம்பரில் மிச்சம் பதினொரு நாள்.

நாளுக்கு நாலு எழுதினால் தாராளமாக முடிந்துவிடும். நேற்று இரண்டுதான் எழுதினேன். ஆறு மணிக்கு மகள் எடுத்தபோது எவ்வளவில் நிற்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அவசரமில்லை அப்பா, ஆறுதலாச் செய்யுங்கோ என்றாள். அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.